அம்மாவின் கையில் இருந்த நான்கு புள்ளிகள்

நேற்றுக் காலை உன் மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மேற்குத் தாம்பரத்து ஸ்டுடியோ வாசலில் நீயும் நானும் நிற்கும் கறுப்பு வெள்ளைப் படம். ஏதோ ஒரு செயலியில் போட்டுக் கலராக்கியிருக்கிறாள். "ஆன்ட்டி, இதுல அம்மாவ மட்டும் கட் பண்ணி பதினாறாம் நாளுக்கு மாட்டலாம்னு இருக்கேன். புடவை கலர் கரெக்டா?" என்று கேட்டிருந்தாள். செயலி உனக்கு வெளிர்நீலத்தில் புடவை கட்டிவிட்டிருந்தது. அது சரியா என்று எனக்கு நினைவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஸ்டுடியோ முதலாளி கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் வாங்கிப் போட்டிருந்தார். நான் சேர்ந்து ஒரு வருடம் கழித்து நீ வந்தாய். பழைய படங்களை ஸ்கேன் செய்து, பூஞ்சையையும் கீறலையும் துடைத்து, கலர் ஏற்றுவதுதான் நம் வேலை. வந்தவற்றில் முக்கால்வாசி இறந்தவர்களின் படங்கள். அவர் என்ன கலர் சட்டை போட்டிருந்தார் என்று கேட்டால், கொண்டுவந்தவர்கள் விழிப்பார்கள். எல்லாரையும் கொஞ்சம் சிவப்பாகக் காட்டச் சொல்வார் முதலாளி. நீ மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டாய். "கறுப்பா இருந்தவங்க சார். வீட்ல இருக்கிறவங்களுக்கு அடையாளம் தெரிய வேணாமா?" என்பாய்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் உன் அம்மாவின் படத்தைக் கொண்டுவந்தாய். உனக்கு மூன்று வயதாகும்போது போய்ச் சேர்ந்தவள். விஷக் காய்ச்சல் என்று உன் அப்பா சொல்லியிருந்தார். பல்லாவரத்தில் எடுத்த படம். மடியில் நீ. உன்னைச் சுற்றி அவளுடைய இரண்டு கைகள். வேறு படமே கிடையாது என்றாய்.

நீ டிபன் பாக்ஸைக் கழுவப் போயிருந்தபோது நான் அதை ஸ்கேன் செய்து, திரையில் துடைக்க ஆரம்பித்தேன். உதவி செய்வதாக நினைப்பு. சுவரில் இருந்த பூஞ்சை, புடவை மடிப்பில் ஒரு கோடு, பிறகு வலது மேல்கையில் வரிசையாக நான்கு கறுப்புப் புள்ளிகள். பக்கத்துத் தோலின் நிறத்தை மவுஸால் எடுத்து அவற்றின் மேல் பூசினேன். சுத்தமாகிவிட்டது. திரும்பி வந்த நீ, இன்னொரு கையைப் பெரிதாக்கிப் பார்த்தாய். அங்கேயும் நான்கு இருந்தன.

"இது பூஞ்சை இல்ல," என்றாய்.

"பழைய படம்டி. அப்படித்தான் இருக்கும்."

"பூஞ்சைன்னா புடவை மேலயும் படர்ந்திருக்கும். இது தோல்ல மட்டும் இருக்கு, பாரு." உன் கையை நீட்டித் திரையின் மேல் வைத்தாய். நான்கு விரல்களும் நான்கு புள்ளிகளின் மேல் உட்கார்ந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூரில் இருந்த உன் சித்தி வீட்டுக்குப் போனோம். படத்தை வாங்கிப் பார்த்தவர், முந்தானையால் அதைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

"நீ கேக்கப் போறேன்னு பயந்துகினேதான் இருந்தேன்," என்றார். "காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கெணத்துலேர்ந்து எடுத்தோம். உங்கப்பன் கை சும்மா இருக்காது. அவ எங்க வூட்டுக்கு ரெண்டு தபா ஓடியாந்தா. ரெண்டு தபாவும் நாங்கதான் கொண்டுபோய் வுட்டுட்டு வந்தோம்."

நீ அழவில்லை. அந்தப் புடவை என்ன கலர் என்று மட்டும் கேட்டாய்.

"ஊதா. அவ போனப்புறம் நான்தான் கட்டினேன். கிழியுற வரைக்கும் கட்டினேன்."

மறுநாள் படத்தைப் புதிதாக ஸ்கேன் செய்தாய். புடவைக்கு ஊதா ஏற்றினாய். புள்ளிகளுக்கு வந்ததும் கை நின்றது. இதற்கு என்ன கலர் என்று முதலாளியிடம் கேட்க முடியாது. எனக்கும் தெரியாது. ஓரத்தில் பச்சையும் நடுவில் கருஞ்சிவப்பும் நீயாகவே வைத்தாய். மூன்று நாள் ஆனால் இப்படித்தான் மாறும் என்றாய். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "அதே வீட்லதானே வளந்தேன்," என்றாய். ஒரு வருடம் உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான்.

நீயும் அப்பாவும் இருந்த கோவிலம்பாக்கம் வீட்டுக் கூடத்தில் அந்தப் படத்தை மாட்டினாய். என்ன நடந்தது என்று இரண்டு நாள் கழித்துச் சொன்னாய். அப்பா வந்து பார்த்தாராம்.

"கையில இன்னா அது, கறையா?"

"கறை இல்லப்பா."

பிறகு, "அழிச்சிட்டு மாட்டு," என்றாராம். மாட்டேன் என்றிருக்கிறாய். அவர் கை ஓங்கினார், ஆனால் அடிக்கவில்லை. படத்துக்கு நேராக நின்றதாலோ என்னவோ, கை கீழே இறங்கிவிட்டது என்றாய். படத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாய். ஆறு மாதம் எங்களோடு இருந்தாய். பிறகு ஹாஸ்டல், வேறு வேலை, கல்யாணம், மகள். அப்பா இருந்தவரை மாதம் ஒருமுறை போய்ச் சமைத்து வைத்துவிட்டு வந்தாய். அங்கே ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை என்று ஒருமுறை சொன்னாய். ஏன் போகிறாய் என்று நான் கேட்டதில்லை. இந்த மாதத் தொடக்கத்தில், ஒரு காலை நேரத்தில், தலையில் ரத்தக்கசிவு என்று உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் மகளுக்கு இன்று காலை பதில் எழுதினேன். கலர் எனக்கு நினைவில்லை, கறுப்பு வெள்ளையிலேயே மாட்டிவிடு என்று.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. குன்றத்தூர் போவதற்கு முன்னால் இரண்டு வருடம் நான் அந்த வேலையைச் செய்திருந்தேன். பெண்களின் கன்னத்தில், கழுத்தில், மணிக்கட்டில் எது கறுப்பாகத் தெரிந்தாலும் பூஞ்சை என்று துடைத்துவிட்டுத்தான் அடுத்த படத்தை எடுத்தேன். வேலை சுத்தம் என்று முதலாளி என்னைத்தான் பாராட்டுவார். அந்தப் படங்களெல்லாம் மாலையோடு எங்கெங்கோ தொங்குகின்றன. அவற்றில் நான் துடைத்தது எத்தனை பூஞ்சை, எத்தனை காயம் என்று எனக்குத் தெரியாது. அந்த வீடுகளைத் தேடிப் போய்க் கேட்கலாம் என்றாலும், அந்தப் பெண்களில் ஒருத்தியின் முகம்கூட எனக்கு ஞாபகம் இல்லை.