சீசியம் வளைந்த நாள்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நலம். நீங்களும் உங்கள் அக்காவும் நம் வாலுப் பெண்ணும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் ஒன்று நான் அழுகிறேன், இல்லை நீங்கள் "சரி, வெச்சிடறேன்" என்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. சீசியம் ஒருவழியாக வழிக்கு வந்துவிட்டது. "அப்படி என்னதான்மா செய்யற அங்க?" என்று உங்கள் அக்கா கேட்டபோது மழுப்பிவிட்டேன். இந்தப் பகுதியை அவருக்கும் படித்துக் காட்டுங்கள். மின்புலத்தில் அகப்பட்டால் அணுவின் எலக்ட்ரான் மேகம் ஒரு பக்கமாக ஒதுங்கும். எவ்வளவு எளிதாக ஒதுங்குகிறது என்பதுதான் முனைவாகும் தன்மை. தனிம அட்டவணையில் இடமிருந்து வலமாகப் போனால் அது பெரும்பாலும் குறையும். கரு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து கீழே இறங்கினால் கூடும். கடைசி எலக்ட்ரான் கருவிலிருந்து தள்ளி இருப்பதால் பிடி தளரும். ஹீலியம் கல்லுளிமங்கன். சீசியம் தொட்டாற்சிணுங்கி.

ஆனால் என் சீசியம் மாதக்கணக்கில், அட்டவணையில் அதற்கு நேர் மேலே இருக்கும் ருபீடியத்தைவிடக் குறைவாகவே காட்டியது. பேராசிரியர் "உன் கருவியைப் பாரும்மா, அணுவைக் குத்தம் சொல்லாத" என்றார். பிரித்துப் பார்த்தேன். அணுக்கற்றை ஓடும் இடைவெளியில் ஒரு தகடு சூட்டில் மயிரிழை நகர்ந்திருந்தது. சரிசெய்தபின் மின்னழுத்தம் கொடுத்தேன். கற்றை எவ்வளவு வளைய வேண்டுமோ அவ்வளவு வளைந்தது.

அன்று விடுமுறை. ஆய்வுக்கூடத்தில் தரை துடைக்கும் அம்மா மட்டும் இருந்தார். "வந்துடுச்சு!" என்று கத்தினேன். வீட்டிலிருந்து ஆள் வந்திருப்பதாக நினைத்து, அவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வாசலை எட்டிப் பார்த்தார். "யாரையும் காணோமே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுபோயிற்று.

உடனே வீட்டுக்குக் கூப்பிட்டேன். வாலுதான் எடுத்தாள். "யாரு?" என்றாள். நான் வாயெடுப்பதற்குள் "அம்மா, போன்!" என்று உள்பக்கம் குரல் கொடுத்தாள். உங்கள் அக்கா பதறிப்போய் "அத்தைடி, அத்தைன்னு சொல்லு" என்று அதட்டியது கேட்டது. லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் பேராசிரியர், அடுத்து மூலக்கூறுகளை அளக்கலாம், இன்னும் இரண்டு வருடம் இரு என்றார். ஆசை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். "வீட்டுக்குப் போகணும் சார்" என்றேன். "போனா இந்த இடம் திரும்பக் கிடைக்காதும்மா" என்றார். தெரியும் என்றேன். கட்டுரையை முடித்துக் கொடுத்துவிட்டு மாதக் கடைசியில் கிளம்புகிறேன்.

உங்கள் அக்காவை ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள். தாய்க்குத் தாயாகப் பார்த்துக்கொண்டவர். குழந்தையையும் திருத்த வேண்டாம். அவள் வாய்க்கு வந்தபடி கூப்பிடட்டும். விமான நிலையத்துக்கு மூன்று பேருமே வாருங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். "அம்மா வந்துட்டா பாரு, போ" என்று அவளை என் பக்கம் தள்ளிவிடாதீர்கள். அத்தை கையைப் பிடித்துக்கொண்டே நிற்கட்டும். எவ்வளவு நேரமானாலும் நான் எதிரே நிற்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்