பென்சில் சீவிய காலை

ஜனவரி 8

ஏரி கரையோரம் உறைந்துவிட்டது. நேற்றைய காப்பியையே சுடவைத்துக் குடித்தேன். மியூசியத்திலிருந்து கொலீன் போன் செய்தாள். என் நாற்பது வருட ஓவியங்களை ஏப்ரலில் கண்காட்சியாக வைக்கப் போகிறார்களாம். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். கீழே வைத்துவிட்டேன்.

இன்று வரைந்தது: முளைவிட்ட உருளைக்கிழங்கு இரண்டு.

ஜனவரி 15

கொலீன் பட்டியல் அனுப்பியிருக்கிறாள். முதல் படமே ‘சமையலறையில் மாரிட்’. எதிர்பார்த்ததுதான், அவர்கள் கிடங்கில்தானே இருக்கிறது. எனக்குப் பெயரும் கல்லூரி வேலையும் வாங்கித் தந்தது அந்தப் படம். என் மகளைக் கொண்டுபோனதும் அதுதான்.

மாரிட்டுக்கு அப்போது பதினைந்து வயது. அவள் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களை விட்டுப் போன காலை. மேசையில் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தாள். ஜன்னல் வெளிச்சம் அவள் கழுத்தில் விழுந்திருந்தது. நான் — எழுதித்தான் ஆக வேண்டும் — எதிரே உட்கார்ந்து பென்சில் சீவினேன்.

கடைசியாகச் சண்டை போட்டபோது சொன்னாள்: “நான் அழுதுக்கிட்டு இருந்தேன், நீ பென்சில் சீவிக்கிட்டு இருந்தே. அந்தச் சத்தம் இன்னும் காதுல கேக்குதும்மா.” அதற்கு நான் என்ன சொன்னேன்? “அந்தப் படத்துல வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாரு.” இப்படியும் ஒரு தாய் பேசுவாளா? பன்னிரண்டு வருடமாகப் பேச்சில்லை.

ஜனவரி 22

டூசான் நகரத்தில் இருக்கும் மாரிட்டுக்குக் கடிதம் போட்டேன். மூன்று முறை எழுதிக் கிழித்தேன். மூன்றிலும் எனக்காக நானே வாதாடிக்கொண்டிருந்தேன். கடைசியில் அனுப்பியது: ‘அந்தப் படத்தை மாட்டக் கேட்கிறார்கள். உனக்குச் சம்மதமா?’

பிப்ரவரி 5

பதில் இல்லை.

பிப்ரவரி 19

வகுப்பில் விமர்சன நாள். படத்தைச் சுவரில் மாட்டி மற்றவர்கள் பேசுவார்கள். வரைந்தவர் இருபது நிமிடம் வாய் திறக்கக் கூடாது. எல்லா ஓவியப் பள்ளியிலும் உள்ள வழக்கம்தான். நான் கடிகாரம் பார்த்து நடத்துகிறவள்.

இன்று லேலண்டின் முறை. ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகு வரையக் கற்றுக்கொள்கிறவர். மனைவியை வரைந்திருந்தார். கை சரியில்லை என்று யாரோ சொல்ல, துள்ளி எழுந்தார்.

“அவளுக்குக் கை அப்படித்தான்யா இருக்கும்!”

“லேலண்ட், இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு.”

“என் படம், என் பெண்டாட்டி, நான் பேசக் கூடாதா? நீங்க என்னிக்காவது இருபது நிமிஷம் சும்மா இருந்திருக்கீங்களா வெர்னா?”

வகுப்பே சிரித்தது. நானும்தான். வீட்டுக்கு வரும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 12

கொலீன் நேரில் வந்தாள். “அது இல்லாம என்ன கண்காட்சி? கேக் இல்லாத பிறந்தநாள் மாதிரி. வேண்டாம்னு உங்க பொண்ணு சொல்லலியே!”

“சரின்னும் சொல்லல. பட்டியல்லேர்ந்து அடிச்சிடு.”

கண்காட்சியைப் பெரிய கூடத்திலிருந்து சின்ன அறைக்கு மாற்றிவிட்டார்கள். மாரிட்டுக்கு ஒரு வரி எழுதினேன்: ‘படம் வராது.’

இன்று வரைந்தது: கொலீன் குடிக்காமல் வைத்துவிட்டுப் போன காப்பிக் கோப்பை.

ஏப்ரல் 6

திறப்பு விழா. ஒயின், பாலாடைக்கட்டி, மூன்று பேச்சு. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தேன். “யாரைத் தேடுறீங்க?” என்றார் லேலண்ட். குளிர்காற்று வருகிறது என்றேன். அவர் போய்க் கதவை அழுத்திச் சாத்திவிட்டு வந்தார். நல்ல மனுஷன்.

ஏப்ரல் 10

மாரிட் வந்திருக்கிறாள்!

சொல்லாமல் வந்து வாசலில் நின்றாள். தலை பாதி நரைத்துவிட்டது. என் பெண்ணுக்கு நாற்பத்திரண்டு வயது. “அந்தப் படத்தைப் பாக்கணும்” என்றாள், அவ்வளவுதான்.

கொலீன் கிடங்கைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டாள். மாரிட் படத்தின் முன்னால் போய் நின்றாள். பிறகு படத்தைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

“இந்த ஸ்வெட்டர் அப்பாவோடது. மறந்து விட்டுட்டுப் போனாரு. நீலம் அது. நீ பச்சை ஆக்கிட்டே.”

நீலம் பின்சுவரோடு கலந்துவிடும். இந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“ஏன் வரைஞ்சேன்னு நான் கேக்கல. ஏன் எந்திரிச்சு வரலன்னுதான் கேக்கறேன்.”

அங்கே கடிகாரம் இல்லை. அவள் பேசியது இருபது நிமிடத்துக்கு மேலேயே இருக்கும். பள்ளியில் எல்லோரும் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது, என்னிடம் சொல்லாமலே கல்யாணம் செய்து பிரிந்தது, எல்லாம் சொன்னாள். நான் சுவரில் மாட்டிய படம்போல நின்றேன்.

“ஏம்மா, ஒண்ணும் சொல்ல மாட்டியா?”

“நீலம்தான்” என்றேன். “நான் எந்திரிச்சு வந்திருக்கணும்.”

ஏப்ரல் 11

காலை. அதே மேசை. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு அழத் தொடங்கினாள். வெளிச்சம் அதே கழுத்தில் விழுந்தது. பென்சில் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

எழுந்து அவளிடம் போனேன்.

இன்று வரைந்தது: ஒன்றும் இல்லை.