ரெஜினா அக்காவின் கை நடுங்காது

அன்பு அக்கா,

உறுதியான செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வெள்ளிக்கிழமை உன் தொடரின் ஒன்பதாம் பகுதி வராது. எட்டாம் பகுதியையே மறுபடி போடுகிறார்கள். திரையின் அடியில் ஓடுகிற எழுத்தில் அறிவிப்பு மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை. காரணத்தை நேற்று தொலைபேசியில் எனக்குச் சொன்னது தொடரின் தலைமை எழுத்தாளர் நித்யா. உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "போட்டுக்கோங்க சார், போனா வேலைதானே" என்றாள்.

உன் தொடர் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். அது உன்னுடையதுதானா என்பதுதான் இப்போதைய சண்டை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திருப்பிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீ ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் வேலை பார்த்தாய். வேலை போக மீதி நேரத்தில் மாத நாவல் எழுதினாய். ஏழு நாவலுக்கும் கதாநாயகி ஒரே ஒரு ரத்தக்காட்டேரி. அவள் பெயர் அமலோற்பவம். மாதாவின் பெயரில் ஒரு காட்டேரியா என்று பங்குச் சாமியாரே சிரித்துவிட்டுக் கேட்டார். பிளேக் காலத்தில் செத்து எழுந்தவளுக்கு அந்தக் காலத்துப் பெயர்தானே இருக்கும் என்றாய் நீ.

அமலோற்பவத்துக்கு ஐம்பத்திரண்டு வயது, கனத்த உடம்பு, பாதி நரைத்த கொண்டை. யாரையும் கடிக்க மாட்டாள். ரத்த வங்கியில் காலாவதியாகி அழிக்க வேண்டிய பைகளைத்தான் குடிப்பாள், அதிலும் குறை சொல்வாள். அவளால் எதையும் சாப்பிட முடியாது. ஆனால் வாசனைக்காகவே பன்றிக்கறி வறுத்து ஜோகுபாளையம் தெரு முழுக்கக் கொடுத்தனுப்புவாள். இதையெல்லாம் படித்த பதிப்பாளர் வயதை மட்டும் குறைக்கச் சொன்னார். நீ சொன்ன பதில் எனக்கு இப்போதும் காதில் கேட்கிறது. "ஐம்பத்திரண்டு வயசுப் பொம்பளையப் பார்த்து ஊரு ஒரு தடவையாச்சும் பயப்படட்டுமே."

தொடரில் அவள் பெயர் அமு. இருபத்துநான்கு வயது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஐடி வேலை, பி.ஜி.யில் தங்குகிறாள், கம்பெனி கேப்பில் போய் வருகிறாள். வெயில் ஆகாதவளுக்கு நைட் ஷிஃப்ட் கொடுத்தது நல்ல யோசனை, அதை ஒப்புக்கொள்கிறேன். உனக்கே தோன்றியிருந்தால் நீயும் எழுதியிருப்பாய். ஆனால் இந்த அமு அழுகிறாள். பகுதிக்கு ஒரு தடவை கண்ணாடி முன்னால் நின்று, தான் ஏன் இப்படி ஆனோம் என்று அழுகிறாள். உன் அமலோற்பவம் ஏழு நாவலில் ஒரு இடத்தில்கூட அழவில்லை. இருப்பதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கண்ணாடியில் அவள் தெரியவே மாட்டாள் என்பது வேறு விஷயம்.

சபாபதியை நினைவிருக்கிறதா என்று உன்னிடமே கேட்பது வேடிக்கைதான். பெங்களூரு அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். பௌத்தக் குடும்பம். பேயும் இல்லை சாமியும் இல்லை என்பார். எதிரில் அமலோற்பவம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே, உனக்கு ரத்தசோகை, டாக்டரைப் பார் என்பார். நீ படைத்த ஆட்களில் எனக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். தொடரில் அவர் மந்திரவாதி. கழுத்து நிறைய தாயத்து, கையில் எலுமிச்சம்பழம். நம்ப மறுத்த ஒரே மனிதனைப் பிடித்து எல்லாவற்றையும் நம்புகிறவனாக ஆக்கிவிட்டார்கள். புத்தர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் மண்டை ஓடு வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டேன். முதல் ஆறு நாவலுக்கும் உரிமை எழுதிக் கொடுத்தது நான்தான், மாற்றலாம் என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். சட்டம் அவர்கள் பக்கம். ஆனால் எட்டாம் பகுதி முடிந்ததும் அடுத்த வாரத்துக்கான துண்டுக் காட்சி வந்தது. மந்திரவாதி சபாபதி வாசலில் நிற்கிறான். பக்கத்து வீட்டு ரெஜினா நடுங்கும் கையால் அமுவின் வீட்டுச் சாவியை எடுத்து அவனிடம் கொடுக்கிறாள்.

பக்கத்து வீட்டு ரெஜினா என்பது நம் பக்கத்து வீட்டு ரெஜினா அக்காதான். நீ பெயரை மாற்றுகிறேன் என்றபோது, மாத்தினா நான்தான்னு யாருக்குத் தெரியும் என்று தடுத்துவிட்டாளே. ஆறாவது நாவலில் அமலோற்பவத்தைத் தேடி ஒரு கூட்டமே வருகிறது. ரெஜினா வாசலை அடைத்து நின்று, காலைத் துடைத்துக்கொண்டு வந்து பாருங்கள் என்கிறாள். ஒருவனும் உள்ளே நுழையவில்லை. அதே ரெஜினாதான் இப்போது சாவி கொடுக்கிறாள்.

மறுநாளே தெருவில் கேலி ஆரம்பித்துவிட்டது. பால் பூத்காரர், சாவியைப் பத்திரமா வச்சுக்கோங்கம்மா என்றாராம். கோயில் பாடகர் குழுவில் ஒருத்தி யூதாஸக்கா என்று கூப்பிட்டாளாம். எனக்கு ரத்தம் கொதித்தது. தொடரின் அலுவலகம் இருக்கிற எலெக்ட்ரானிக் சிட்டிக்கு பஸ் ஏறினேன்.

நித்யாவுக்கு முப்பது வயது இருக்கும். உன் நாவல்களை பி.ஜி. ரூமில் படித்து வளர்ந்தவள். மரியாதையாகத்தான் பேசினாள். நாவல் வேறு, சீரியல் வேறு என்றாள். எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தால் எட்டு எபிசோடுக்கு மேல் வண்டி ஓடாது என்றாள். அவளுக்கு உன் வழக்கத்தைச் சொன்னேன். தெரிந்த ஆளைக் கதையில் வைத்தால், அந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்புமுன் அந்த ஆளின் எதிரில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவாய். ஞாயிறு பூசை முடிந்து ரெஜினா அக்காவின் சமையலறையில்தான் வாசிப்பு. நீ கதையை மாற்றியதும் உண்டு, அவளோடு சண்டை போட்டு மாற்றாமல் விட்டதும் உண்டு. ஆனால் முதுகுக்குப் பின்னால் எழுதியதில்லை. "மாத்துங்க, வேணாங்கல. அவங்க முகத்தைப் பார்த்து வாசிச்சுட்டு மாத்துங்க" என்றேன்.

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "வர்றேன் சார். ஆனா அவங்க சொல்றாங்கன்னு மாத்த மாட்டேன்" என்றாள். நீயே எதிரில் உட்கார்ந்து பேசுவதுபோல இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அவரைக்காய் சீசன். ரெஜினா அக்கா ஊறவைத்த கொட்டையைப் பிதுக்கிப் பருப்பை ஒரு பாத்திரத்திலும் தோலை ஒரு முறத்திலும் போட்டுக்கொண்டிருந்தாள். வந்தவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தாள். நித்யா ஒரு கையால் பிதுக்கிக்கொண்டே மறுகையில் செல்போனைப் பிடித்து வாசித்தாள். நான் வாசற்படிப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், வக்கீல் மாதிரி. அவதூறு, நற்பெயர், வயதான பெண்மணியின் மன உளைச்சல் என்று பேச வேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

ரெஜினாவின் கை நடுங்குகிறது என்று நித்யா வாசித்ததும் ரெஜினா அக்கா நிறுத்தினாள்.

"எதுக்கு நடுங்குது? சுகரா?"

"இல்ல ஆன்ட்டி. பயம்."

"யாருக்கு?"

"உங்களுக்கு. அதாவது, அந்த கேரக்டருக்கு."

ரெஜினா அக்கா பிதுக்கிய பருப்பைப் பாத்திரத்தில் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். இதுதான் நேரம் என்று நான் ஆரம்பித்தேன். இது உங்களைக் கேவலப்படுத்துகிற காட்சி, நீங்கள் காட்டிக் கொடுக்கிறவர் இல்லை என்று முழு வாக்கியம்கூட முடிக்கவில்லை.

"நீ சும்னே இரு தம்பி. உன்னை யாரு கேட்டா?"

எத்தனை வருஷம் நிருபர் வேலை பார்த்தேன். எந்தச் செய்தியிலும் சம்பந்தப்பட்ட ஆளை முதலில் கேள் என்று புதிதாக வந்த எல்லோருக்கும் சொல்லியிருக்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டிவரை போய்வந்தவன், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவள் நித்யாவைப் பார்த்துத்தான் பேசினாள். "இங்க பாரு பாப்பா. சாவி கொடுத்தேன்னு எடு. எனக்கு ஒண்ணும் பேஜார் இல்ல. யூதாஸுன்னு கூப்பிட்டா கூப்பிடட்டும், அவ கோரஸுல சுருதி தப்பறதவிட அது ஒண்ணும் பெரிய பாவம் இல்ல. ஆனா பயந்து கொடுத்தேன்னு எடுக்காத. இந்தத் தெருவுல கலாட்டா நடந்தப்பவும் கதவைத் தொறந்து வச்சுட்டு உட்கார்ந்திருந்தவ நான். பயந்தேன்னு போட்டா அது பொய்."

நித்யா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பயம் இல்லை என்றால் வேறு என்ன காரணத்துக்காக ரெஜினா சாவியைக் கொடுப்பாள் என்று கேட்டாள். எழுத்தாளர் கேட்கிற கேள்விதான், வேறு எதுவும் நினைத்துக் கேட்கவில்லை.

"கோவத்துல கொடுப்பேன்."

"அமு மேலயா? அமு என்ன பண்ணா?"

அடுப்பில் எதுவும் இல்லை, ஆனாலும் ரெஜினா அக்கா திரும்பி அடுப்பைப் பார்த்தாள்.

"உடம்புக்கு முடியலேன்னு எங்கிட்ட சொன்னாளா அவ? ஒரே சுவரு. இந்தப் பக்கம் நான் இருமினா அந்தப் பக்கம் வெந்நீர் வைப்பா. எல்லாருக்கும் என்ன வியாதின்னு ரத்தத்தைப் பார்த்தே சொல்றவ, தன்னோடதை எங்கிட்ட மறைச்சுட்டா. ஞாயித்துக்கிழமை இங்கதான் உட்கார்ந்து வாசிச்சா. சிரிச்சா. அடுத்த வாரம் இல்ல."

அவள் பேசியது அமுவைப் பற்றி அல்ல, அமலோற்பவத்தைப் பற்றியும் அல்ல. நித்யாவுக்கு அது புரிந்தது. செல்போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் மீதிக் கொட்டையைப் பிதுக்கினோம்.

ஏன் சொல்லவில்லை அக்கா? எனக்கும் கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத்தான் சொன்னாய். அவள் அழுவாள் என்றா? அவள் அழுது நீ பார்த்திருக்கிறாயா? அல்லது அமலோற்பவத்தைப் போல நீயும் செத்து எழுந்து வந்துவிடலாம் என்று நினைத்தாயா? நீ எழுதிய ஏழு நாவலிலும் பதில் இருக்குமோ என்று இந்த வாரம் மறுபடி படித்தேன். இல்லை.

போகும்போது நித்யா, "ஆன்ட்டி, நீங்க சொன்னதை எழுதிக்கலாமா?" என்று கேட்டாள். எழுதிக்கோ, ஆனால் எழுதினதை வந்து வாசி என்றாள் ரெஜினா அக்கா. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து மறுபடி வந்தாள். புதிய காட்சியில் ரெஜினா நடுங்கவில்லை. மந்திரவாதி கேட்பதற்கு முன்னாலேயே சாவியை எடுத்து நீட்டுகிறாள். பிறகு அவனையும் தள்ளிக்கொண்டு தானே முதலில் உள்ளே போகிறாள். அமுவை எழுப்பி, ஏன் என்னிடம் மறைத்தாய் என்று கேட்கிறாள். அவள் போடுகிற சத்தத்தில் மந்திரவாதி வாசலிலேயே நின்றுவிடுகிறான். நீ எழுதியதற்கு நேர் எதிரான காட்சி அது. ஆனால் அதில் இருந்தது ரெஜினா அக்கா. அவள் கேட்டுவிட்டு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள், அந்த மந்திரவாதியைக் காலைத் துடைக்கச் சொல் என்று.

மாற்றியதை எதிர்த்துச் சண்டைக்குப் போனவன் நான். இப்போது இந்த மாற்றத்தைக் காப்பாற்றச் சண்டை போடுகிறேன். இதில் எனக்கு வெட்கம் இல்லை. தொடர்களை இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளலாமா என்று பழைய நண்பர்கள் கேட்கிறார்கள். நாவலைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர். தொடரைப் பார்க்கிறது ஊர் முழுக்க. கன்னட டப்பிங் வேறு வருகிறது. இனி ரெஜினா என்றால் அவர்களுக்கு அந்தத் திரையில் இருப்பவள்தான். அவள் கோழையாக இருக்கப் போகிறாளா, கோபக்காரியாக இருக்கப் போகிறாளா என்பது உயிரோடு இருக்கிற ஒரு மனுஷியின் விஷயம்.

சேனலில் மறுப்பு இருக்கிறது. ஏற்கெனவே எடுத்த காட்சி நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படுகிற ரெஜினாவைத்தான் பெண் பார்வையாளர்களுக்குப் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னாராம். பெயர் சொல்ல நித்யா மறுத்துவிட்டாள், நானும் வற்புறுத்தவில்லை. காட்சியை மறுபடி எடுக்க அனுமதி உண்டா இல்லையா என்ற முடிவு வரும் புதன்கிழமை மாலைக்குள் வரும் என்பது அவள் சொன்ன கடைசித் தகவல். அனுமதி இல்லையென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை நடுங்கும் கைதான் திரையில் வரும். இதை எழுதும் நேரம்வரை முடிவு வரவில்லை.

அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் உன் ஏழாவது நாவலின் உரிமை என்னிடம்தான் இருக்கிறது. புதன்கிழமை எப்படி முடிந்தாலும், ரெஜினா அக்காவின் சமையலறையில் வந்து உட்கார்ந்து வாசிக்கத் துணியாதவர்களுக்கு அது கிடைக்காது. இதைச் சேனலுக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

உனக்குக் கடிதம் எழுதப் போகிறேன், ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ரெஜினா அக்காவைக் கேட்டேன். இந்தத் தடவை முதலிலேயே கேட்டேன். "கோவம் இன்னும் போகலைன்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன். அந்தக் கோபத்தைப் பயம் என்று யாரும் மாற்றிச் சொல்ல நான் விடமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

நீ இருந்தபோதும் எதிர்த்துப் பேசிய, இப்போதும் பேசுகிற உன் தம்பி,
ஆரோக்கியம்
ஜோகுபாளையம், பெங்களூரு