நூடுல்ஸ் கடையில் அம்மாவின் தம்ளர்

அன்புள்ள அப்பா,

இந்த இரண்டு வார்த்தையை எழுத எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அன்பு குறையவில்லை. குறைந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் ஸ்கூட்டரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். நீங்கள் ஒட்டிய அனுமார் ஸ்டிக்கர் முன்பக்கம் அப்படியே இருக்கிறது. போன சனிக்கிழமை சாயங்காலம் அல்சூர் மார்க்கெட் பக்கம் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எதிரே தெரிந்த சைனீஸ் நூடுல்ஸ் கடைக்குள் ஏறினேன். நாலே மேஜை. மூடியில் ஓட்டை போட்ட சாஸ் பாட்டில்கள், கிண்ணத்தில் வினிகரில் ஊறும் பச்சை மிளகாய், வாசலிலேயே அடுப்பு. வெஜ் நூடுல்ஸ் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

பரிமாறுகிறவருக்கு ஐம்பது வயதிருக்கும். தட்டை வைத்துவிட்டுப் போகாமல் வெளியே என் வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மேடம், அது சாரு வண்டிதானே? அனுமார் ஸ்டிக்கர் போட்டது?"

"எந்த சார்?"

"சனிக்கிழமை சாரு. கோவில்லேர்ந்து நேரா வருவாரு, நெத்தில செந்தூரத்தோட. சிக்கன் நூடுல்ஸ், காரம் ஜாஸ்தி. ரொம்ப நாளா ஆளைக் காணோம். ஊருக்குப் போய்ட்டாரா?"

நான் உங்கள் மகள் என்றேன். நீங்கள் இல்லை என்றும் சொன்னேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தம்ளரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"சாருது. நீங்களே வெச்சுக்குங்க. கடை தொறந்த வருஷம் கொண்டாந்தாரு, ஏழு வருஷம் ஆச்சு. தட்டு எங்களுது, ஸ்பூன் எங்களுது, கோழி எங்களுது. தண்ணி குடிக்க மட்டும் எங்க கிளாஸ் ஆகாது அவருக்கு. 'என்னா சார் கணக்கு இது'ன்னு கேப்போம். சிரிச்சிக்குவாரு."

தம்ளரின் விளிம்புக்குக் கீழே அம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. கமலா. கல்யாணத்துக்குத் தாத்தா வாங்கிக் கொடுத்த ஆறில் ஒன்று.

அப்பா, கோழி சாப்பிட்டதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆபீஸ் ஆட்களோடு போய் நானும் சாப்பிட்டிருக்கிறேன். வீட்டுக்கு வருமுன் பாக்கு மென்றிருக்கிறேன். நம் வீட்டில் ஒளித்துச் சாப்பிடாதவள் அம்மா ஒருத்திதான். சனிக்கிழமை விரதமென்று ராத்திரி நீங்கள் வெறும் மோர் குடித்துவிட்டுப் படுப்பதை எத்தனை பேரிடம் சொல்லிப் பூரித்திருப்பாள். அதையும் விட்டுவிடலாம். ஆனால் ஸ்டெல்லா அக்கா?

பதினோரு வருஷம் நம் வீட்டில் பாத்திரம் தேய்த்தவள். அவள் வீடு இருக்கும் மர்பி டவுனிலிருந்து நடந்தே வருவாள். அவளுக்குக் காபி கொடுக்கத் தனியாக ஒரு பிளாஸ்டிக் தம்ளர் பின்பக்க ஜன்னலில் இருக்கும், ஞாபகம் இருக்கிறதா? வீட்டில் இருந்த எல்லாத் தம்ளரையும் அவள் கைதான் தேய்த்தது. எதிலும் அவள் வாய் பட்டதில்லை.

ஆறில் ஒன்று குறைகிறது என்று அம்மா கண்டுபிடித்த அன்று நீங்கள் கூடத்தில்தான் இருந்தீர்கள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் போய் ஸ்டெல்லா அக்காவின் பையைத் திறந்தேன். அவளைக் கேட்கக்கூட இல்லை. உள்ளே ஒரு காலி டிபன் டப்பா, ஜெபமாலை, அவள் மகளுக்கு வாங்கிய ஹேர்பின் அட்டை. அவ்வளவுதான்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையும் பார்க்கவில்லை. உங்களைத்தான் பார்த்தாள்.

"சார், நீங்க சொல்லுங்க சார். நான் எடுப்பனா?"

நீங்கள் பேப்பரைத் திருப்பினீர்கள். "போனது போகட்டும், கமலா. போலீஸ் கீலீஸ்னு போக வேண்டாம். நாளைலேர்ந்து வர வேண்டாம்னு சொல்லிடு."

அதைப் பெருந்தன்மை என்று நினைத்தோம். "இவர் மனசு யாருக்கு வரும்" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். அப்படிச் சொன்னதிலேயே ஸ்டெல்லா அக்காவுக்கு அந்தத் தெருவில் இருந்த மற்ற மூன்று வீட்டு வேலையும் போயிற்று. இப்போது பீன்யாவில் ஏதோ கம்பெனியில் தரை கூட்டுகிறாளாம். இரண்டு பஸ் மாறிப் போகிறாளாம். எதிர்வீட்டில் சமைக்கிற அம்மாள் சொன்னாள்.

அந்த வாரமும் சனிக்கிழமை வந்திருக்கும். நீங்கள் அந்த மேஜையில் உட்கார்ந்து, அதே தம்ளரில் தண்ணீர் குடித்திருப்பீர்கள். எப்படி இறங்கியது? 'நான்தான் ஆபீசில் வைத்து மறந்துவிட்டேன்' என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே. பொய் உங்களுக்குப் புதிதா? எந்தப் பொய் சொன்னாலும் அவள் தப்பித்திருப்பாள். ஒரு பொய்க்குக்கூடத் தகுதி இல்லாதவளா அவள் உங்களுக்கு?

என் தட்டில் நூடுல்ஸ் ஆறிப்போய்க் கட்டியாகிவிட்டது. பார்சல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மழையிலேயே வந்தேன்.

தம்ளரைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. புளி போட்டுத் தேய்த்து, மற்ற ஐந்தோடும் அடுக்கினாள். "ஆறும் சேந்துடுச்சு பாரு. எங்கே கெடச்சுது?"

"அல்சூர்ல ஒரு நூடுல்ஸ் கடைல."

"பாத்தியா, அந்த ஸ்டெல்லா அங்க கொண்டுபோய் வித்திருக்கா. நான் அப்பவே சொன்னேன்."

"அம்மா, அப்பாதான் அங்கே கொண்டுபோய் வெச்சிருந்தார்."

அவள் சிரித்தாள். "உங்கப்பாவா? அந்த மாதிரி எடத்துல பச்சத் தண்ணிகூடக் குடிச்சிருக்க மாட்டார்."

உங்களைப் போலவே நானும் சும்மா இருந்துவிட்டேன். அதுதான் இந்த நான்கு நாளும் என்னைத் தூங்கவிடவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்தது ஸ்கூட்டர் மட்டும் இல்லை போலிருக்கிறது.

அதனால் சொல்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து ஸ்டெல்லா அக்கா வீடு திரும்பியிருக்கும் நேரம் பார்த்து, மர்பி டவுனுக்குப் போவேன். தம்ளரை அடுக்கிலிருந்து எடுத்துக்கொண்டு போவேன். அது எங்கே இருந்தது, யார் கொண்டுபோனது என்று உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்வேன். பையைத் திறந்தது நான் என்பதையும் சொல்வேன். அக்கம்பக்கத்தார் நின்று கேட்டால் கேட்கட்டும், அன்று நம் தெருவும்தான் கேட்டது. திரும்பி வந்து அம்மாவிடம் முழுவதையும் சொல்வேன், சனிக்கிழமைகள் உட்பட. அவள் உங்களுக்காக அழுவதை அதோடு நிறுத்தினால், அதற்கு நான் பொறுப்பு.

ஸ்டெல்லா அக்கா குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் அவள் வீட்டுத் தம்ளரில் வாய் வைத்துக் குடிப்பேன். கொடுக்காவிட்டால் தாகத்தோடு திரும்புவேன்.

அவள் பையைத் திறந்து பார்த்த,
உங்கள் மகள்