மேனேஜர் காதில் விழுந்த பேச்சு

என்னங்க,

சாதம் அடுப்பின் மேல் இருக்கிறது. நேற்றிலிருந்து நாம் பேசிக்கொள்ளாததால்தான் இந்தச் சீட்டு.

புது ஃபோனில் மைக்கை மூடிவிட்டதாக நினைத்துத்தான் நேற்று வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் பின்னால் வந்து, "இந்த மேனேஜர் சொன்னதையே சொல்லி உயிரை வாங்குறாரே, வாய் வலிக்காதா?" என்றது ஆபீஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. வேலை போச்சு என்று உங்கள்மேல் எரிந்து விழுந்தேன்.

இன்று நீங்கள் கடைக்குப் போன பிறகு மேனேஜரே ஃபோனில் கூப்பிட்டார். "உங்க வீட்டுக்காரர் சொன்னது நியாயந்தாம்மா. இனிமே சுருக்கமாப் பேசுறேன்" என்றார். கூட வேலை பார்ப்பவர்கள் உங்களுக்குக் கோயில் கட்டாத குறைதான்.

ஆபீசுக்குக் கிளம்புகிறேன். சாவியோடு இந்தச் சீட்டையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

பி.கு.: திட்டியது என் தப்பு. கோபம் தணிந்திருந்தால் ஃபோன் பண்ணுங்கள். மீட்டிங்கில் இருந்தாலும் எடுப்பேன்.