ஏ-எல், ஏ-பி

மார்ச் 3, செவ்வாய்

விடியும்போதே வெக்கை. துணி ரெண்டு வாளி. பால்மாவு முடிஞ்சது, வாங்கணும்.

பேத்தி துர்காவுக்கு வெள்ளிக்கிழமை ஷா ஆலத்துல நேர்முகத் தேர்வு. பொம்பாவுல, தீயணைக்கிற வேலை. ஓட்டம் பாஸ். ஏணி பாஸ். ஆள் கனத்துக்கு ஒரு பொம்மை, அத இழுத்துட்டுப் போனதும் பாஸ். முட்டியில தோல் போயி வந்தா. பாக்கி, கேள்வியும் பத்திரமும்.

பிஸ்கட் டின்னுல இருந்து பத்திரம் எடுத்தோம். என் மக சாந்தி ஒண்ணொண்ணா படிச்சா. நிறுத்திட்டா.

"அம்மா, ஐசியில, அடையாளக் கார்டுல, பேரோட ஏ-பி. பிறப்புப் பத்திரத்துல ஏ-எல் போட்டிருக்கு."

ஏ-பின்னா மகள். ஏ-எல்னா மகன். இருபத்திரண்டு வருஷமா என் பேத்தி ஒரு பேப்பர்ல ஆம்பள. இத்தன காப்பி எடுத்தோம், ஒருத்தர் கண்ணுலயும் படல.

துர்கா சிரிக்கல. "ஒத்துப் போகலைன்னா திருப்பி அனுப்பிருவாங்க லா பாட்டி. அடுத்து எப்ப ஆள் எடுப்பாங்களோ."

யார் வேலைன்னு எனக்குத் தெரியும். சம்பந்தி. மாப்பிள்ளையோட அப்பா. தோட்டத்து ஆபீஸ்ல கிராணி, கணக்கு எழுதறவரு. பேர் பதிய என்கூட வந்தவரு அவருதான்.

மார்ச் 4, புதன்

பதிவாபீஸ். இடுப்பு போச்சு. சம்பந்திய என்ன கேக்கணும்னு வரிசையா யோசிச்சு வெச்சிருந்தேன்.

கவுண்டர்ல மலாய்க்காரப் பொண்ணு. நல்ல மாதிரி. பேர் பதிஞ்ச பழைய பாரத்த எடுத்து என் பக்கம் திருப்புனா. கீழ தமிழ்ல கையெழுத்து. பாக்கியம்.

"இது யாரு?"

துர்காதான் மலாய்ல, "எங்க பாட்டி"ன்னா.

பதிஞ்சவங்களே தப்புன்னு சத்தியக் கடிதம் குடுக்கணுமாம். குடுத்தா மனு வாங்கிக்குவாங்க, ரசீது தருவாங்க. திருத்தி வர நாளாகும். தேர்வுல ரசீத ஒத்துக்குவாங்களான்னு கேட்டோம். தெரியாதுன்னுட்டா.

பஸ் புடிச்சு வீடு வந்தோம்.

மத்தியானம் மழை. வேணாம்னாலும் ஞாபகம் வருது. பேர் பதிஞ்ச அன்னிக்கு சம்பந்தி நீலச் சட்டை. பாரத்த டைப் அடிச்சு முடிச்ச ஆபீஸ்காரர், சரியா இருக்கான்னு பாத்துக் கையெழுத்து போடச் சொன்னாரு. சம்பந்தி கைய நீட்டி, "கொண்டாங்க சம்பந்தியம்மா, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம், நான் படிக்கிறேன்." சுருக்குன்னுது. "எனக்கும் படிக்கத் தெரியும்"னு இழுத்துக்கிட்டேன்.

நான் படிச்சது தமிழ்ப் பள்ளிக்கூடம், மூணாவது வரைக்கும். ஏபிசிடி ஒண்ணும் தெரியாது. விரல வெச்சு மேலருந்து கீழ வரைக்கும் ஓட்டினேன். போட்டேன் கையெழுத்து.

அந்த ஒரு பேச்சுக்குத்தான் அவர்கூடப் பேசறதில்ல. அறுபதாம் கல்யாணத்துக்குக்கூடப் போகல.

மார்ச் 5, வியாழன்

கிள்ளான் கடைத்தெரு, மாடி. சத்தியம் வாங்கி முத்திர வெக்கிற ஆளு. தமிழ்ப் பையன்.

"அடிச்சவங்க தப்புன்னு போட்டுருவோமா ஆன்டி? ஈசி."

போடலாம்னு தோணுச்சு. துர்கா என்னப் பாக்கல. முட்டியில காஞ்ச பொருக்க நோண்டிக்கிட்டு இருந்தா.

"இல்ல தம்பி. எனக்கு அந்த எழுத்து தெரியாது. படிச்ச மாதிரி நடிச்சேன். அப்படியே எழுதுங்க."

"நடிச்சேன்னா?"

"நடிச்சேன்னுதான்."

திரும்ப பதிவாபீஸ். ரசீது கெடைச்சது. பால்மாவு மறந்துட்டேன்.

மார்ச் 6, வெள்ளி

ஷா ஆலம். துர்கா இட்லி மூணு. நான் தண்ணி மட்டும். கையில பைல், உள்ள போனா. எனக்கு முன்னால ஒரு பையன் பைலோட திரும்பி வந்தான், கண்ணு செவந்து.

வந்தா. துர்கா முகத்துல ஒண்ணும் தெரியல.

"என்னடி?"

"கேள்வி கேக்கறவரு கடிதத்த ரெண்டு தடவ படிச்சாரு. இந்தப் பாட்டி எங்கன்னாரு. வெளிய உக்காந்திருக்காங்கன்னேன்."

"அப்புறம்?"

"ரசீத பைல்ல வெச்சுக்கிட்டாரு. புகையில வழி தெரியலைன்னா என்ன பண்ணுவேன்னு கேட்டாரு. தெரியலைன்னு சத்தமா சொல்லிருவேன், தெரிஞ்ச மாதிரி முன்னால போக மாட்டேன்னேன்."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"நீங்கதான், நேத்து."

வேலை கெடைக்குமான்னு அப்புறம்தான் தெரியும். பேப்பர் உள்ள போயிருச்சு.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்திக்குப் போன். நம்பர் மனப்பாடம். நான் வாயத் தொறக்குமுன்ன, "சொல்லுங்க சம்பந்தியம்மா"ன்னாரு.

என் நம்பர வெச்சிருக்காரு.