சுவரில் இருக்கும் கடல்

என் வீட்டுக்காரிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? கடலுக்குப் போன நம் சின்னவன் படகு கரைக்கு வந்துவிட்டதா? இந்தக் கடிதம் யாரையும் கெஞ்சி எழுதி வாங்கியது இல்லை, இங்கே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டு முழுக்க என் கையால் எழுதியது. மருமகளே, சிரிக்காமல் அத்தைக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

நான் காவல் நிற்கும் ஓவியக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு கடல் படம் இருக்கிறது. கரையோரம் பெரிய பாய்க்கப்பல்கள் சரக்கு இறக்குகின்றன. சரக்கு ஏற்றிய சிறு படகு ஒன்று அலைக்குப் பக்கவாட்டில் திரும்பி, கவிழப் போகிற மாதிரி கிடக்கிறது. கரையில் நின்றால், வரும் படகின் மூக்கைப் பிடித்து இழுப்போமே, அந்தப் பழக்கத்தில் நேற்று கை தானாக நீண்டுவிட்டது. படத்தைத் தொட்டால் அடிக்கும் மணி உடனே அலறியது. சூப்பர்வைசர் ஓடிவந்தார்.

“என்ன பெரியவரே, படகை இழுத்துக் கரையில போடலாம்னு பார்த்தீங்களா?”

“ஆமாங்க, கரையில ஆள் குறைவா இருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் மனம்தான் ஓரிடத்தில் நிற்கவில்லை. இத்தனை வருஷம் நான் படகில் இருந்தேன், நீ கரையில் நின்றாய். எது கஷ்டமான வேலை என்று இப்போதுதான் தெரிகிறது. சின்னவனைப் பற்றிப் போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றுகிறாய்.

என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்பு. அவன் வந்ததும் ஒரு வரி எழுதச் சொல், நானே படித்துக்கொள்வேன். கூடத்தின் கதவைத் திறக்கும் நேரம் ஆகிவிட்டது. இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டுதான் அந்தப் படகின் முன்னால் நிற்கப் போகிறேன்.

உன் வீட்டுக்காரன்